நீலம் கேட்கும் மகளும் கறுத்த முடியும்

ஒரு தாயின் கேள்வி: “மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து லீவில் இருக்கிறாள். முடிக்கு நீலக் கலர் அடிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கடையில் ஒரு நீலக் கலர் வாங்கிப் போட்டுப் பார்த்தோம், வெயிலில் நின்றால்கூட ஒன்றும் தெரியவில்லை. பார்லரில் சொன்ன தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டிலேயே செய்யலாமா? அவ்வப்போது மருதாணி போடுவோம். ஜூனில் பள்ளி திறந்ததும் என்ன செய்வது?”

செய்யலாம். ஆனால் தலை முழுவதும் வேண்டாம். நுனியில் மூன்று நான்கு அங்குலம், இல்லையென்றால் காதுக்குப் பின்னால் உள்பக்கமாக ஒரு கற்றை, அது போதும். கலர் பிடிப்பதற்காக முடியை முதலில் வெளுக்க வைக்கும் ப்ளீச் தலைத்தோலைத் தொடாது என்பதுதான் இதில் முக்கியம். வேர்ப்பக்கத்தில்தான் ஆபத்து அதிகம். எரிச்சல், கொப்புளம் ஒரு பக்கம் இருக்க, தலையின் சூட்டில் வேர்முடி சீக்கிரம் வெளுத்து, கீழே ஒரு நிறம் மேலே ஒரு நிறம் என்று ஆகிவிடும்.

நீங்கள் போட்ட நீலம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. நீலம், பச்சை, பிங்க் என்று வரும் ஃபேன்ஸி கலர்கள் முடிக்கு மேல் படியும் சாயங்கள். உள்ளே இருக்கும் கறுப்பு நிறமியை அவை அசைக்காது. அந்த நிறமியைக் கரைப்பது ப்ளீச் பவுடரும் டெவலப்பரும் சேர்ந்த கலவைதான். டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் வீரியத்தை வால்யூம் கணக்கில் சொல்வார்கள். 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. வீட்டுக்கு 20 வால்யூமுக்கு மேல் வாங்கவே வாங்காதீர்கள். நேரம் கொஞ்சம் கூடும், முடி பிழைக்கும். முகத்துக்குப் போடும் ப்ளீச் க்ரீமை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

தொடங்கும் முன் இரண்டு சோதனைகள். முதலாவது மருதாணிக்காக. வெறும் மருதாணி இலை என்றால் பெரிய ஆபத்து இல்லை, முடி ஆரஞ்சு நிறத்தில் பிடிவாதமாக நின்றுவிடும், அவ்வளவுதான். பாக்கெட்டில் வரும் சில பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடி உருகிப்போகலாம். அதனால் கலர் போடப்போகிற அதே நுனியிலிருந்து சிறு கொத்து வெட்டி, கலந்த ப்ளீச்சில் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். சூடானால், நுரைத்தால், இழுத்ததும் அறுந்தால் அந்த வேலையே வேண்டாம். வெளுத்தால் எந்த மஞ்சள் வரை போகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது ஒவ்வாமைக்காக. கலரைக் கொஞ்சம் முழங்கையின் உள்பக்கம் தடவி 48 மணி நேரம் விடுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள். பெட்டியில் ஒவ்வாமை தரக்கூடிய பிபிடி, அதாவது பாராஃபினைலீன்டையமைன் இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள். நிரந்தர ஹேர் டைகளிலும் ‘கறுப்பு மெஹந்தி’ பொடிகளிலும் இது இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிரந்தர டை பெட்டிகளில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அல்ல என்ற எச்சரிக்கை கட்டாயம். உங்கள் மகளுக்கு வாங்க வேண்டியது டெவலப்பர் கலக்காமல் நேரடியாகப் பூசும் செமி பெர்மனென்ட் கலர். மகளுக்கு வீசிங் தொந்தரவு உண்டென்றால் இந்த முயற்சியே வேண்டாம். ப்ளீச் பவுடரின் தூசு மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். முந்தின நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை இருவருக்கும். பிளாஸ்டிக் கிண்ணம்தான், எவர்சில்வர் வேண்டாம். பவுடர் ஒரு பங்கு, டெவலப்பர் இரண்டு பங்கு என்பது பொதுவான கணக்கு. உங்கள் பாக்கெட்டில் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். காய்ந்த முடியைச் சிறு கற்றைகளாகப் பிரித்து, கலவை உள்ளே வரை இறங்கும்படி தாராளமாகப் பூசி, கீழே ஃபாயில் வைத்து மடியுங்கள். ஹேர் டிரையர் காட்டக் கூடாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பாருங்கள். முதலில் செங்காவி, பிறகு ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள் என்று நிறம் ஏறிக்கொண்டே வரும். 45 நிமிடத்துக்கு மேல் எந்த நிலையிலும் விடாதீர்கள். மிச்சக் கலவையை மூடிபோட்டு வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கலாம், உடனே கொட்டிவிடுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

இனிதான் மகளிடம் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். கடைசியில் வரப்போகும் நிறத்தைப் பெட்டிப் படம் தீர்மானிப்பதில்லை, வெளுத்த முடி எந்த மஞ்சளில் நிற்கிறதோ அதுதான் தீர்மானிக்கும். ஆரஞ்சு முடிமேல் நீலம் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து மங்கிய பழுப்பு வரும். மஞ்சள் மேல் போட்டால் பச்சை கலந்த நீலம். படத்தில் இருக்கும் சுத்த நீலம் வேண்டுமானால், வாழைப்பழத் தோலின் உட்புறம் இருக்குமே, அந்த வெளிர் மஞ்சள் வரை முடி போக வேண்டும். நம் ஊர்க் கறுப்பு முடி, அதிலும் மருதாணி ஏறியது, ஒரே முறையில் அங்கே போகாது. ஆரஞ்சில் நின்றுவிட்டால் அன்றே இன்னொரு முறை ப்ளீச் போடாதீர்கள். ஈர முடி ஒன்றை இழுத்துப் பாருங்கள். சற்று நீண்டு பழைய நிலைக்குத் திரும்பினால் தெம்பு இருக்கிறது, இரண்டு வாரம் கண்டிஷனர் போட்டுப் பராமரித்துவிட்டு இரண்டாவது முறை பார்க்கலாம். நீண்டது நீண்டபடி நின்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஆரஞ்சு முடியில் சிவப்பும் மெஜந்தாவும் அபாரமாகப் பிடிக்கும். என்னைக் கேட்டால் முதல் முறைக்கு மெஜந்தாவையே சொல்வேன்.

கலர் பூசுவது சுலபம். ப்ளீச்சை அலசி, முடியைக் காயவைத்து, கலரைத் திட்டு இல்லாமல் பூசி, பெட்டியில் சொன்ன நேரம் விட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். ஷாம்பு வேண்டாம். அதற்குப் பிறகு நுனியில் எண்ணெயோ சீயக்காயோ பட்டால் சாயம் சீக்கிரம் இறங்கும். நீச்சல் குளத்துக் குளோரினும் அப்படித்தான். தலையணைக்குப் பழைய உறை போடுங்கள்.

பள்ளி திறக்கும்போது கறுப்பு டை அடித்து மறைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வெளுத்த முடிமேல் கறுப்பு பச்சை பாய்ந்து தெரியும், போதாக்குறைக்கு அதே பிபிடி பிரச்சினை. மே கடைசியில் அந்த நுனியை வெட்டிவிடுவதுதான் வழி. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளரும் என்பதால், எத்தனை அங்குலம் போனால் அவளுக்குச் சம்மதம் என்று முதலிலேயே கேட்டு, அங்கே ஒரு ரப்பர் பேண்ட் கட்டிவிட்டு, அதற்குக் கீழே மட்டும் ப்ளீச் பூசுங்கள்.