மாம்பழக் கிறீம் கொக்ரெயில் ஏன் திரிகிறது?

கேள்வி: லண்டனில் இருக்கும் தங்கை குடும்பம் ஆனி மாதம் வருகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்களுக்கு மாம்பழமும் கிறீமும் சாராயமும் கலந்த இனிப்புக் கொக்ரெயில் ஒன்றை வீட்டிலேயே செய்து கொடுக்க விரும்புகிறேன். இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்து, பசுப்பால், மாம்பழம், தேசிக்காய்ச் சாறு, சாராயம் எல்லாவற்றையும் பிளெண்டரில் ஒன்றாக அடித்தேன். இரண்டு தடவையும் சிறு சிறு கட்டிகளாகத் திரிந்துவிட்டது. கிறீம் இங்கே கிடைப்பதில்லை. தெரிந்த ஒருவர், வெளிநாட்டுக் கிறீம் லிக்கர் போத்தல் ஒன்றைக் கடை விலையில் பாதிக்கு எடுத்துத் தருவதாகவும், அதைச் சேர்த்தால் திரியாது என்றும் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: அந்தப் போத்தலை வாங்க வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் பானம் ஏன் திரிந்தது என்பதைப் பார்ப்போம். அது உங்கள் கைப்பிழை அல்ல. அந்தக் காணொளியில் சொல்லப்பட்ட சேர்மானமே பிழையானது.

பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. புளிப்பு ஏறும்போது அத்துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. மதுசாரமும் அவற்றை அதே திசையில்தான் தள்ளுகிறது. உங்கள் பகுதியில் பால் ஊற்றுகின்ற எவரிடமாவது கேட்டுப் பாருங்கள். சேகரிப்பு நிலையங்களில் ஒரு சிறு குழாயில் பாலையும் ஏறக்குறைய 70 வீத மதுசாரத்தையும் சம அளவில் விட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். துணிக்கை தெரிந்தால், அந்தப் பால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பிளெண்டருக்குள் நடத்தியதும் கிட்டத்தட்ட அந்தச் சோதனைதான். சாராயத்தில் மதுசாரம் 33 முதல் 37 வீதம் வரையே இருக்கும் என்பதால் தனிச் சாராயம் நல்ல பாலைச் சட்டென்று திரிக்காமல் விடக்கூடும். ஆனால் மாம்பழத்தின் புளிப்பு ஒரு பக்கம், தேசிக்காயின் கடும் புளிப்பு இன்னொரு பக்கம் என்று சேரும்போது பால் தப்புவதற்கு வழியே இல்லை. ஆகவே தேசிக்காயை அடியோடு விட்டுவிடுங்கள். பழத்தின் சுவையைத் தூக்கிக்காட்ட ஒரு சிட்டிகை உப்புப் போதும்.

அடுத்தது பால். இந்த வேலைக்குச் சாதாரணப் பசுப்பால் பொருந்தாது. கறந்த பாலைக் காய்ச்சி ஆறவைத்தாலும் பொருந்தாது. பாற்கிறீமில் கொழுப்பு ஏறக்குறைய 35 வீதம் இருப்பதால் திரியக்கூடிய புரதம் அதில் குறைவு. இருக்கின்ற புரதத்தையும் கொழுப்பு இடையில் நின்று பிரித்து வைக்கும். ரின்பால் எனப்படும் இனிப்புச் சேர்த்த கட்டிப்பாலில் சீனி மிக அதிகம் என்பதால் அது புளிப்புப்பட்டால் கட்டிகட்டியாகப் பிரியாமல் ஒரே சீராகத் தடிக்கும். இந்தத் தடிப்பு நமக்குத் தேவையானதே. இரண்டையும் சேர்த்தால் உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கிறீம் கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் கறக்கின்ற பால் குளிரூட்டிய வண்டிகளில் தெற்கே போவதும், ஒரு பைக்கற்று கிறீமுக்காக நாங்கள் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ பஸ் ஏறுவதும் எந்தத் திட்டமிடலின் விளைவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் அந்த இரு நகரங்களிலும் உள்ள பெரிய அங்காடிகளில், திறக்கும்வரை குளிரில்லாமலே வைத்திருக்கக்கூடிய 200 மில்லிலீற்றர் கிறீம் பெட்டிகள் வருகின்றன. அவற்றில் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வாங்கும்போது ஒரு பொறியில் விழுந்துவிடாதீர்கள். கேக் பூச்சுக்கு விற்கப்படும் ‘விப்பிங் கிறீம்’ பலவற்றில் பால் என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. அவை கெட்டியாக்கிய தாவர எண்ணெயும் சீனியும் குழம்பாக்கியும் சேர்ந்தவை. குளிர்ந்த பானத்தில் சேர்த்தால் அண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒட்டிக்கொள்ளும். இந்த விபரம் பெட்டியில் கடுகளவு ஆங்கில எழுத்தில் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும், தமிழில் பெரும்பாலும் இருக்காது. கடைக்காரரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. சேர்மானப் பட்டியலில் முதலாவதாகப் பால் அல்லது கிறீம் இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்பதை ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டாவது பார்த்து வாங்குங்கள்.

பழத்துக்குக் கறுத்தக்கொழும்பானை விடச் சிறந்தது எதையும் நான் சொல்லமாட்டேன். நார் குறைவு, மணம் அதிகம், உங்கள் விருந்தினர் வருகின்ற மாதமும் அதன் மாதமே. மரத்தில் முற்றி, வைக்கோலில் பழுத்த பழமாக இருக்கவேண்டும். காபைட் கல் வைத்து அவசரமாகப் பழுக்க வைக்கும் பழம் வெளியில் ஒரே மஞ்சளாகவும் உள்ளே காயாகவும் இருக்கும். அப்படிப் பழுக்க வைப்பது தடைசெய்யப்பட்டிருந்தும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. உடலுக்கு வருகின்ற கெடுதி ஒரு பக்கம் இருக்க, பழம் பழுக்கப் பழுக்கத்தான் அதன் புளிப்பு இறங்குகிறது என்பதால், அரைப்பழுப்புப் பழம் உங்கள் கிறீமையும் திரிக்கும்.

நான்கு பேருக்கான அளவைச் சொல்கிறேன். 300 கிராம் மாம்பழச் சதையை அடித்து, வடிதட்டில் தேய்த்து நாரை நீக்கி, உப்புச் சிட்டிகையுடன் இளந்தீயில் குமிழி வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். அதில் மூன்று மேசைக்கரண்டி ரின்பாலை விட்டு அடித்து, நன்றாகக் குளிரவையுங்கள். பரிமாறுவதற்குச் சற்று முன்னர், குளிர்ந்த 200 மில்லிலீற்றர் கிறீமை அதில் விட்டுக் கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். பிளெண்டரில் நீண்ட நேரம் அடித்தால் கிறீமில் இருந்து வெண்ணெய் பிரிந்துவிடும். கடைசியாக, குளிரவைத்த 160 மில்லிலீற்றர் சாராயத்தை நூல்போல ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால், விழுகின்ற இடத்தில் மதுசாரம் செறிந்து நின்று அந்த இடத்துப் பாலைத் திரித்துவிடும். தென்னஞ்சாராயம், ரம், பிராண்டி ஆகிய மூன்றும் பொருந்தும். பனஞ்சாராயத்தின் மணம் மாம்பழத்துடன் மல்லுக்கட்டும் என்பது என் கருத்து, விரும்புகிறவர்கள் விரும்பலாம்.

பிள்ளைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் உரிய பங்கைச் சாராயம் ஊற்றுவதற்கு முன்னரே வேறு குடுவையில் எடுத்து வையுங்கள். அது தனியாகவே நல்ல இனிப்புப் பண்டம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்குள் எந்தச் சட்டம் எட்டிப்பார்க்கப் போகிறது என்று எண்ணாமல் அந்த வயதையே நீங்களும் எல்லையாக வையுங்கள். ஒருவருக்கு வருகின்ற 40 மில்லிலீற்றர் சாராயத்தில் தூய மதுசாரம் ஏறக்குறைய 13 மில்லிலீற்றர் இருக்கிறது. குளிரும் இனிப்பும் கொழுப்பும் அதன் காரத்தை மறைத்துவிடுவதால், பாயாசம் என்ற எண்ணத்தில் மூன்றாவது கிளாஸைக் கேட்பவர் இருப்பார். மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு முதலாவதையே கொடுக்க வேண்டாம்.

ஐஸ் போட்டால் பானம் தண்ணீராகும் என்பதால், மாம்பழச் சதையின் ஒரு பகுதியை ஐஸ் தட்டில் உறையவைத்து அக்கட்டிகளையே கிளாஸில் போடுங்கள். மின்சாரம் நின்றுவிட்டது, வெளியில் ஐஸ் வாங்கலாம் என்று யாரேனும் புறப்பட்டால் மறித்துவிடுங்கள். முல்லைத்தீவுக் கரையில் கிடைக்கும் பாளம் ஐஸ் மீனுக்காகச் செய்யப்படுவது. அது எந்தத் தண்ணீரில் செய்யப்பட்டது, எந்தப் பெட்டியில் கிடந்தது என்பதைக் குடிப்பவர் அறியமாட்டார்.

மாம்பழம் தவறினால் அன்னாசியில் செய்யலாமா என்று நீங்கள் அடுத்ததாகக் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அன்னாசி மேலே சொன்ன விதி எதற்கும் கட்டுப்படாதது. பச்சை அன்னாசியில் புரதத்தை வெட்டுகின்ற புரோமெலைன் என்னும் நொதியம் உண்டு. அன்னாசித் துண்டு போட்ட ஜெலி உறையாமல் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள்; காரணம் அதுவே. கிறீமுடன் சேர்ந்தால் அது உடனே திரியாவிட்டாலும், சிறிது நேரத்தில் புரதம் வெட்டுப்பட்டுக் கசப்பு ஏறும். சீனியைக் கூட்டினாலும் அந்தக் கசப்பு மறையாது. ஆனால் அன்னாசிச் சாற்றைக் கொதிக்கவைத்தால் நொதியம் செயலிழந்துவிடும். ரின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடுகண்டது என்பதால் அதை அப்படியே பயன்படுத்தலாம். உறையவைத்த அன்னாசி அப்படியல்ல. குளிர் அந்த நொதியத்தைத் தூங்கவைக்குமே தவிர அழிக்காது. கொதிக்கவைத்த அன்னாசியிலும் புளிப்பு அப்படியே இருக்கும் என்பதால் கிறீமைக் கூட்டி, பழத்தைக் குறைக்கவேண்டும். புவேர்ட்டோ ரிக்கோ 1978 இல் தன் தேசிய பானமாக அறிவித்த பீனா கொலாடா அன்னாசியில்தானே செய்யப்படுகிறது என்று கேட்கலாம். அதில் சேர்வது பாற்கிறீம் அல்ல, இனிப்பூட்டிய தேங்காய்க் கிறீம். அதில் கேசின் இல்லை. நீங்களும் அன்னாசிக்குத் தேங்காய் முதற்பாலைப் பிழிந்து சேர்க்கலாம், ஆனால் தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால் அதிகம் குளிர்ந்தால் வெள்ளை மணிகளாக மிதக்கும். அதைத் திரிதல் என்று எண்ணிக் கொட்டிவிடாதீர்கள்.

இனி அந்தப் போத்தல். கிறீம் லிக்கர் என்பது கிறீமையும் மதுவையும் இயந்திரத்தால் மிக நுண்ணியதாக உடைத்துப் பிணைத்துச் செய்யப்படுவது. 1974 இல் அயர்லாந்தில் இருந்து சந்தைக்கு வந்த பெய்லிஸ் இவ்வகையில் மிகவும் பெயர்பெற்றது. அதன் மதுசார அளவு 17 வீதம். உண்மையான பெய்லிஸிலேயே தேசிக்காய்ச் சாற்றை விட்டால் வாய்க்குள்ளேயே கட்டியாகும். ஆகவே அதைச் சேர்த்தால் திரியாது என்பது உங்கள் நண்பர் தன் சரக்கை விற்கச் சொன்ன கதை. அவர் தருவது உண்மையான சரக்காக இருந்தாலும் உங்கள் பிரச்சினைக்கு அது தீர்வல்ல.

அது உண்மையான சரக்காக இருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? வரி கட்டிய விலையில் பாதிக்கு ஒருவர் மதுப்போத்தலைத் தருகிறார் என்றால், அவர் நட்டத்துக்கு வியாபாரம் செய்யவில்லை. விருந்து மண்டபங்களின் பின்புறத்தில் வெளிநாட்டு வெறும்போத்தலுக்கு நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள் அதைப் பூச்சாடி செய்யவா வாங்குகிறார்கள்? ரின்பாலும் கோப்பி எசன்ஸும் களவாகக் காய்ச்சிய கசிப்பும் போதும், அந்தப் போத்தல் மறுபடி நிரம்பிவிடும். கிறீம் லிக்கர் இந்த மோசடிக்கு மிகவும் வசதியானது. நிறமும் தடிப்பும் இனிப்பும் எதையும் மறைத்துவிடும். அந்தக் கசிப்பில் மெதனோல் என்னும் நச்சு மதுசாரம் கலந்திருந்தால் நாக்கும் மூக்கும் அதைக் கண்டுபிடிக்கமாட்டா. கரண்டியில் ஊற்றிக் கொளுத்தி நீலச் சுவாலை வந்தால் நல்லது என்று சொல்வார்கள். அது வெறும் கதை. மெதனோலின் கேடு பல மணித்தியாலங்கள் கழித்தே தெரியவரும். வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று வந்தால் வெறி தெளியட்டும் என்று படுக்கவைக்காமல், என்ன குடித்தார் என்பதை மறைக்காமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பார்வை போனால் பெரும்பாலும் போனதுதான்.

கள்ளிறக்குகின்ற ஏழைத் தொழிலாளியைத் துரத்திப் பிடிக்கின்ற சுறுசுறுப்பு, தொலைபேசியில் சொன்னால் படலைக்கே போத்தல் கொண்டுவருகின்ற இந்தத் தரகர்கள் விடயத்தில் ஏன் காணப்படுவதில்லை என்பதை உரியவர்கள்தான் சொல்லவேண்டும். அவர்கள் சொல்லும்வரை உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில். அனுமதிபெற்ற கடையில், மூடி உடையாத, மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஒட்டி உள்ள சாராயத்தை, வீட்டவர் ஒருவரே நேரில் போய் வாங்கட்டும், பற்றுச்சீட்டையும் கேட்டு எடுக்கட்டும். போயா நாளில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். தரகர்களுக்கு அன்றைக்குத்தான் கொண்டாட்டம் என்பதால் நாட்காட்டியைப் பார்த்து முதலே வாங்கி வையுங்கள். போத்தல் முடிந்ததும் ஒட்டியைக் கிழித்து, மேற்சுற்றையும் சுரண்டிவிடுங்கள்.

பானம் மிஞ்சினால் அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள். அதில் உள்ள மதுசாரம் ஏறக்குறைய 8 வீதமே என்பதால் கிறீமைப் பாதுகாக்க அது போதாது. மின்சாரம் இரண்டு மணித்தியாலம் நின்ற குளிர்சாதனப் பெட்டியில் இருந்த குடுவை என்றால் மணந்துகூடப் பார்க்காமல் ஊற்றிவிடுங்கள். சாராயமும் கிறீமும் சேராத மாம்பழக் கலவை மட்டும் மிஞ்சியிருந்தால், உறையவைத்து அந்த வாரத்துக்குள் பயன்படுத்தலாம்.