சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு கட்டம் போடுங்கள்

கேள்வி: மதுரையில் பி.எஸ்சி. உளவியல் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் கணக்கு இல்லாத குரூப், தமிழ் வழி. சமூக உளவியல் வகுப்பு என்றால் உயிர். புள்ளியியல் என்றால் வயிற்றைக் கலக்குகிறது. சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறேன், பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிறது. சமூக உளவியலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதாதா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: போதாது. உங்களுக்கு உயிரான அந்தச் சோதனைகள் எல்லாமே தலையெண்ணிக்கையில்தான் நிற்கின்றன. அதனால் புள்ளியியலை அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஆள் கூடினால் உதவி குறையும் என்று படித்திருப்பீர்கள். டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் நியூயார்க்கில் செய்து 1968இல் வெளியிட்ட சோதனை அது. மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து மைக் வழியே பேசச் சொன்னார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் கேட்கும். அது முன்பே பதிவு செய்தது. தான் மட்டுமே அதைக் கேட்பதாக நினைத்த 13 பேரில் 11 பேர் அந்தக் குரல் அடங்குமுன் உதவிக்கு எழுந்தார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நினைத்த 26 பேரில் 16 பேர். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்த 13 பேரில் 4 பேர்தான்.

இப்போது நோட்டை எடுங்கள். மூன்று வரிசை, இரண்டு பத்தி: உதவியவர், உதவாதவர். 11, 2, 16, 10, 4, 9. மொத்தம் 52 பேரில் 31 பேர் உதவினார்கள். கூட இருப்பவர்களின் எண்ணிக்கையால் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், மூன்று குழுவிலும் உதவியவர் இதே விகிதத்தில் இருக்க வேண்டும். 13ஐ 31ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் 7.75. உதவாதவர் 5.25. நடுக்குழுவுக்கு 15.5, 10.5. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ட எண்ணிலிருந்து எதிர்பார்த்த எண்ணைக் கழித்து, வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுங்கள். முதல் கட்டம் 1.36. ஆறையும் கூட்டினால் 7.91. டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது வரிசையிலும் பத்தியிலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்கிய எண், இங்கே 2. பாடநூலின் பின்பக்க அட்டவணையில் அதற்கான 5 சதவீத எல்லை 5.99, அதாவது வித்தியாசமே இல்லாவிட்டால் தற்செயலாக நூற்றில் ஐந்து முறைதான் இதைத் தாண்டும். எல்லையைத் தாண்டிவிட்டது. இதுதான் கைவர்க்கச் சோதனை (chi-square). ஒருமுறை கையால் போட்டால் சூத்திரம் தானாக மனதில் நிற்கும்.

இங்கே பலர் சறுக்குவது, கட்டத்தில் 85, 62, 31 என்று சதவீதத்தை எழுதிவிடுவது. ஆள் எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும், இல்லையென்றால் விடை அர்த்தமற்றுப்போகும். எதிர்பார்த்த எண் 5க்குக் கீழே போனாலும் விடையை நம்ப முடியாது. மேலே மிகக் குறைந்தது 5.25, தப்பித்தது.

பி மதிப்பு இங்கே 0.019. இதைச் சொல்லும் விதத்தில்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வார்கள். ‘என் கருத்து 98 சதவீதம் சரி’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வித்தியாசமே இல்லாத உலகிலும் தற்செயலாக இவ்வளவோ இதைவிட அதிகமோ வேறுபாடு வர, நூற்றுக்குச் சுமார் இரண்டு வாய்ப்பு. அவ்வளவுதான் அதன் பொருள்.

அடுத்து நீங்களே எண்ணுங்கள். மாட்டுத்தாவணியில் ஒரு டீக்கடை எதிரே நின்று, குடித்த பேப்பர் கப்பைத் தொட்டியில் போடுகிறார்களா, தரையிலா என்று பாருங்கள்: தனியாக வந்தவர் 30, கூட்டாளிகளோடு வந்தவர் 30. யாரையும் படம் எடுக்கவோ பெயர் கேட்கவோ வேண்டாம். உங்கள் கல்லூரித் துறையில் முன்பே அனுமதி வாங்குங்கள். நாலு பேர் கும்பலில் ஒருவர் தரையில் வீசினால் மற்ற மூவரும் வீசக்கூடும். அதை நாலாக எண்ணினால் தவறு, ஏனென்றால் அந்த நாலு முடிவும் ஒன்றையொன்று சார்ந்தவை. கும்பலுக்கு ஒருவர், முதலில் குடித்து முடிப்பவர் என்று முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 60 என்று முடிவெடுத்தால் 60தான். நாற்பதிலேயே நினைத்த விடை வந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்துவதால் பொய்யான முடிவுகள் பெருகும். 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மறுபடியும் இந்த எல்லையைத் தாண்டின. அதற்கு இப்படிப்பட்ட பழக்கங்களும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

சராசரி, திட்டவிலக்கம், டி-சோதனை ஆகியவற்றை இதற்குப் பிறகு எடுங்கள், வாரம் ஒன்று போதும். ஜாஸ்ப் (JASP) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். முதலில் அந்த ஆறு எண்களைப் போட்டு 7.91 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பெரும்பாலும் எண்ணிக்கைப் பத்தியை (Counts) தேர்ந்தெடுக்க மறந்திருப்பீர்கள்.