சொல் கேள்வி: பெருமிதம், செருக்கு, தன்னம்பிக்கை

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், 'அவன் பெருமிதத்தால் யாரையும் மதிக்கவில்லை' என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்து 'ஆணவத்தால்' என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் ஒரே பொருள்தானே?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை அம்மா, ஆசிரியை திருத்தியதுதான் சரி. மெய்ப்பாடுகள் (உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது) எட்டில் ஒன்றாகப் பெருமிதத்தைச் சொல்லும் தொல்காப்பியம், அது பிறக்கும் இடங்களையும் எண்ணித் தருகிறது: 'கல்வி தறுகண் இசைமை கொடை'. தறுகண் என்பது அஞ்சாமை, இசைமை என்பது புகழ். படித்ததால், அஞ்சாததால், பேர் எடுத்ததால், கொடுத்ததால் உள்ளம் நிமிர்வது பெருமிதம். நான்கில் எதிலும் அடுத்தவரைத் தாழ்த்தும் பேச்சே இல்லை. திருக்குறளில் 431-ஆம் குறளைப் பாருங்கள்: 'செருக்கும் சினமும் சிறுமையும் இல்லார் பெருக்கம் பெருமித நீர்த்து'. செருக்கு இல்லாதவருடைய வளர்ச்சிக்குத்தான் அங்கே பெருமிதம் என்று பெயர். ஆகவே யாரையும் மதிக்காதவனுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். பெருமிதத்துக்குக் காரணம் வாக்கியத்திலோ அதற்கு முன்போ இருக்க வேண்டும். 'அவர் பெருமிதமாக இருந்தார்' என்று மட்டும் எழுதினால் எதற்கு என்ற கேள்வி நிற்கும். 'மகன் நீச்சலில் முதலிடம் பெற்றதை எண்ணிப் பெருமிதம் கொண்டார்' என்பது முழுமையான வாக்கியம். தன்னம்பிக்கையோ இனிச் செய்யப்போவதைப் பற்றியது. தேர்வு எழுதப் போகும்போது இருப்பது தன்னம்பிக்கை, மதிப்பெண் வந்த பிறகு வருவது பெருமிதம். சாதாரணமாகச் சொன்ன செய்திக்கெல்லாம் 'பெருமிதம்' என்று நாளிதழ்கள் தலைப்புப் போடுவதால்தான் பிள்ளைகளுக்கு இந்த எல்லை மங்கிப்போகிறது.

கேள்வி: பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் எங்களுடையது. 'திமிர்ந்த ஞானச் செருக்கும்' என்று பெண்ணைப் புகழ்கிறார் அவர். வள்ளுவரோ செருக்கைக் குற்றம் என்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இருவரும் முரண்படவில்லை. செருக்கு என்பதன் அடிப்பொருள் களிப்பு, மயக்கம். அது நல்லதா கெட்டதா என்பதை அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் முடிவு செய்யும்.

வள்ளுவரிடமே இதற்குச் சான்று இருக்கிறது. அவர் செருக்கைப் பெரும்பாலும் கண்டிக்கிறார். 346-இல் 'யான்எனது என்னும் செருக்கு', 844-இல் 'ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு'. நான் அறிவாளி என்று தானே எண்ணுவதுதான் அறியாமை என்பது இந்த இரண்டாவது குறளின் கருத்து. காமத்துப்பாலுக்கு வாருங்கள். 1193: 'வீழுநர் வீழப் படுவார்க்கு அமையுமே வாழுநம் என்னும் செருக்கு'. தான் விரும்பியவரால் விரும்பப்படும் பெண்ணுக்கு 'நாம் வாழ்கிறோம்' என்ற செருக்குப் பொருந்தும் என்கிறார். அதே 'என்னும் செருக்கு' என்ற தொடர்தான், ஆனால் இங்கே குற்றம் இல்லை. குறளைப் படிக்கும் பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

பாரதியும் வெறும் செருக்கு என்று சொல்லவில்லை, ஞானச் செருக்கு என்கிறார். அந்த வரியில் நிமிர்ந்த நடையும் நேர்கொண்ட பார்வையும் யார்க்கும் அஞ்சாத நெறியும் முதலில் வந்து, அதன் பிறகுதான் செருக்கு வருகிறது. குனிந்தே நடக்கச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு நிமிர்வைத் தருவதற்கு அவருக்கு இவ்வளவு வலுவான சொல் தேவைப்பட்டது.

ஆனால் இன்றைய உரைநடையில் அடைமொழி இல்லாமல் 'அவருக்குச் செருக்கு' என்று எழுதினால் வசையாகவே படும். 'திமிர்' இன்னும் கடுமை. கட்டுரையில் பாராட்டாக எழுத வேண்டுமானால் 'கலைச்செருக்கு', 'புலமைச் செருக்கு' என்று எதனால் வந்தது என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: பயிற்சி வகுப்புக்குப் பதாகை அடிக்கிறோம். 'தன்நம்பிக்கை பயிற்சி' என்று அச்சகத்தில் வடிவமைத்துத் தந்திருக்கிறார்கள். சரியா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அச்சுக்குப் போகும் முன் இரண்டு இடத்தில் திருத்துங்கள். தன் + நம்பிக்கை சேரும்போது ன்-க்குப் பின் வரும் ந, ன ஆகிவிடும். தன் + நலம் தன்னலம், பொன் + நகை பொன்னகை ஆவது போலத் தன்னம்பிக்கை. அடுத்து 'பயிற்சி'க்கு முன் ப் மிகும்: தன்னம்பிக்கைப் பயிற்சி. எங்கும் ஒற்றுப் போட்டுவிடவும் கூடாது. 'தன்னம்பிக்கை தரும் பயிற்சி' என்பதில் ஐ உருபு மறைந்திருப்பதால் த் வராது. 'தன்னம்பிக்கையைத் தரும்' என்று உருபை வெளிப்படையாக எழுதினால் வரும். 'தன்னம்பிக்கை பெண்கள்' என்று இன்னொரு வரி வைக்க நினைத்தால் 'தன்னம்பிக்கையுள்ள பெண்கள்' என்று போடுங்கள்.

பழைய பாடல் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்பது தொல்காப்பியம். அங்கே நம்பு என்றால் விருப்பம். இன்றைய பொருளை அப்படியே பொருத்தினால் பாட்டு பிடிபடாது.

கேள்வி: 'கெத்து' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் என்ன?
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: 'மிடுக்கு' நெருங்கி வரும். சிவப்புத் தொப்பி அணிந்த புதுச்சேரிக் காவலர்கள் அணிவகுத்து நடப்பதை 'மிடுக்கான நடை' என்று எழுதலாம். மிடுக்கு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது. அதனால் வேலைக்கான விண்ணப்பத்தில் 'எனக்கு மிடுக்கு உண்டு' என்று எழுத முடியாது, தன்னம்பிக்கை என்றுதான் எழுத வேண்டும்.