திடீரென்று பணம் போய்விட்டால் அன்பும் விசுவாசமும் நிலைக்குமா?

சிலரிடம் நிலைக்கும். யாரிடம் என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வ.உ.சி.யைப் பாருங்கள். தூத்துக்குடியில் நன்றாகச் சம்பாதித்த வக்கீல். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908-இல் கைது, ராஜத்துரோக வழக்கு, கோவைச் சிறையில் செக்கு. அவர் உள்ளே இருந்தபோதே கம்பெனி மூடப்பட்டு, கப்பல் போட்டிக்காரனிடமே போய்ச் சேர்ந்தது.

1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் ஏதுமில்லை. சிறையில் தொழுநோய் வாங்கி வந்த சுப்பிரமணிய சிவா வந்து நின்றார்! தன் உடம்பே தனக்குப் பாரமாக இருந்த மனிதர் அவர்.

வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னதும் பறிபோனதால் அப்புறம் சென்னையில் சில்லறை வியாபாரம், கஷ்ட ஜீவனம். மனைவி மீனாட்சி அம்மாள் கூடவே இருந்தார். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் வ.உ.சி.க்கென்று திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதைக் கேட்டு அவர் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் வந்தது 347 ரூபாய் 12 அணா. எழுதும்போது எவ்வளவு கூசியிருப்பார்!

சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது உறவோ கட்சியோ இல்லை, வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்குத்தான் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.