பழைய கேமராவில் கரும்பொருள் சிக்குமா?

கேள்வி: களியக்காவிளை தாண்டி, கேரளப் பக்கம் உள்ள பள்ளியில் ப்ளஸ் டூ இயற்பியல் எடுக்கிறேன். எடை குறைந்த கரும்பொருள் (டார்க் மேட்டர்: கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டும் இருப்பைக் காட்டும் பொருள்) துகள்களை கேமரா சிப் வைத்துத் தேடுகிறார்களாமே, பள்ளியில் சும்மா கிடக்கும் டிஎஸ்எல்ஆரை வைத்து அறிவியல் கண்காட்சிக்கு நாமும் தேடலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். முடியுமா?

பதில்: முடியாது. ஆனால் பிள்ளைகள் சரியான இடத்தில்தான் நூல் பிடித்திருக்கிறார்கள்.

இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் டன் கணக்கில் திரவ செனானை வைத்துத் தேடுவது முக்கியமாகக் கனமான துகள்களை. புரோட்டானில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள துகள் செனான் அணுக்கருவில் மோதினால், கோலிக்குண்டு ஆட்டுக்கல்லில் பட்ட கதைதான். கருவுக்குப் போகும் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டைக்கூட (துகள்களின் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) எட்டாது. ஆனால் அந்தத் துகளின் கையில் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. கேமரா சிப்பின் சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானைக் கிளப்ப 1.1 போதும். ஆகவே கருவை விட்டுவிட்டு எலக்ட்ரானைக் குறிவைக்கிறார்கள்.

சிக்கல், அந்த ஒற்றை எலக்ட்ரானை எண்ணுவதில். சாதாரண சிப்பில் படிக்கும்போது வரும் இரைச்சலே சில எலக்ட்ரான் அளவு. 'ஸ்கிப்பர் சிசிடி' என்ற சிறப்புக் கேமரா சிப் ஒரே பிக்சலின் மின்னூட்டத்தை அழிக்காமல் திரும்பத் திரும்பப் படிக்கும். 2017-இல் 4,000 தடவை படித்துச் சராசரி எடுத்து, இரைச்சலை 0.068 எலக்ட்ரானுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த வித்தை இதுதான். இந்தச் சிப்பைத்தான் கரும்பொருளைத் தேடும் சென்செய் குழு கனடாவின் ஸ்னோலேப் நிலத்தடி ஆய்வகத்தில், 2 கிலோமீட்டர் ஆழத்தில், மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே குளிர்வித்து வைத்திருக்கிறது. நம் ஊர் வெக்கையில் சிப் தானாகவே எலக்ட்ரான்களைக் கொட்டும். இந்தியாவில் ஜடுகுடா யுரேனியம் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், மிகைவெப்பத் திரவத் துளிகளை (கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் துளிகள்) வைத்து இன்னொரு வழியில் தேடுகிறார்கள்.

உங்கள் பிள்ளைகள் செய்யக்கூடியது, கரும்பொருள்காரர்களின் உண்மையான தலைவலியை அளப்பது: பின்னணிக் கதிர்வீச்சு. லென்ஸை மூடி, கறுப்புத் துணி சுற்றி, கேமராவை மர அலமாரிக்குள் வையுங்கள். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஏற்றி, 30 விநாடிப் படங்களாக 'ரா' வடிவில் எடுத்துக்கொண்டே போங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மின்னுவது கெட்டுப்போன பிக்சல், கழித்துவிடுங்கள். ஒரு படத்தில் மட்டும் வரும் புள்ளியோ கோடோதான் சரக்கு. அண்டக்கதிர் மியூவான்கள் (விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் துகள்கள்) கிடையான பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடம் ஒன்று வீதம் இறங்குகின்றன. கேமராவை வழக்கம்போல் நிமிர்த்தி வைத்தால் சிப் செங்குத்தாக நிற்பதால் எண்ணிக்கை குறையும், கோடு நீளும்.

உங்கள் பக்கம் ஒரு கூடுதல் வசதி உண்டு. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கதிரியக்கத் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. கடலோரத்தில் ஒரு நாள், உள்ளே தள்ளி ஒரு நாள் எடுத்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மணலை மட்டும் பையில் அள்ளி வர விடாதீர்கள். மோனசைட் அணுசக்திச் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள கனிமம்.

ஒவ்வொரு படத்துக்கும் அறை வெப்பநிலையைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஆறேழு டிகிரி ஏறினாலே சிப்பின் இருட்டு மின்னோட்டம் (வெளிச்சம் படாமலே வெப்பத்தால் வருவது) இரட்டிப்பாகும். மதியம் ஓரிடத்திலும் ராத்திரி இன்னோரிடத்திலும் எடுத்த படங்களை அப்படியே ஒப்பிட்டால் தெரிவது வெயிலின் வித்தியாசம்தான், மணலுடையது அல்ல.