மனதில் தெளிவாக இருக்கிறது, தாளில் ஏன் குழம்புகிறது?

கேள்வி: அலுவலக அறிக்கைகள் எழுதுகிறேன். எழுதும்போது எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. மேலதிகாரியோ, "என்னதான் சொல்ல வர்றீங்க?" என்று திருப்பி அனுப்புகிறார். சிந்தனையைச் சீராக்கும் 'மென்டல் மாடல்'கள் முப்பதுக்கு மேல் குறித்து வைத்திருக்கிறேன். பயனில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: அந்த முப்பதையும் கொஞ்சநாள் மூடி வையுங்கள். இப்போதைக்கு இரண்டு போதும். முதலாவது, நமக்குத் தெரிந்தது படிப்பவருக்குத் தெரியாது என்பதை மறக்காமல் இருப்பது.

1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். கேட்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டியது 120 பாட்டு. சரியாகச் சொன்னது 3. தட்டுகிறவர் காதுக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவருக்கு வெறும் டொக் டொக்.

உங்களுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். எழுதியதை எத்தனை முறை படித்தாலும் மெட்டோடுதான் படிக்கிறீர்கள். விட்டுப்போனது கண்ணில் படாது. இப்படி ஒரு வாக்கியம் வைத்துக்கொள்வோம்:

"கணினி மாற்றத்தின்போது ஏற்பட்ட ஒருங்கிணைப்புச் சிக்கல்களால் பணிகளில் தாமதம் ஏற்பட்டுள்ளது."

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் யார், எதை, எத்தனை நாள் என்று கேட்டால் பதிலும் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினால்:

"புதிய கணினிக்கு மாறிய வாரத்தில் இரண்டு பிரிவினர் ஒரே கோப்பைத் தனித்தனியாகத் திருத்திவிட்டார்கள். எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க 6 நாள் ஆனது."

இப்போது தீர்வும் தானாகவே தெரிகிறது பாருங்கள்: கோப்பைத் திருத்தும் பொறுப்பை ஒரே பிரிவிடம் கொடுக்க வேண்டும். 'ஒருங்கிணைப்புச் சிக்கல்' என்று எழுதியவருக்கு அந்த யோசனை வந்திருக்காது. மங்கலான சொல் படிப்பவரைக் குழப்புவதோடு நிற்பதில்லை. எழுதுகிறவரையும் பாதியிலேயே யோசிப்பதை நிறுத்த வைத்துவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

இரண்டாவது, தலைகீழாகக் கேட்பது. 'இதை எப்படி நன்றாக எழுதலாம்?' என்று கேட்டால் மனம் மலைக்கும். 'எப்படி எழுதினால் இது கெடும்?' என்று கேட்டால் விடை சட்டென்று வரும். இலக்கண நூலான நன்னூல், ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்வதற்கு முன்பே பத்துக் குற்றங்களைச் சொல்லிவிடுகிறது. அலுவலக எழுத்துக்கு அதில் மூன்று அப்படியே பொருந்தும். வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, குன்றக் கூறல். இதுவா அதுவா என்று படிப்பவரைத் திகைக்க வைப்பது, மயங்க வைத்தல். எடுத்த விஷயத்தை விட்டு வேறொன்றை நீட்டுவது, மற்றொன்று விரித்தல். அறிக்கையை அனுப்பும் முன் ஒவ்வொரு பத்தியிலும் இந்த மூன்றை மட்டும் தேடுங்கள். நீங்கள் கேள்வியோடு அனுப்பியிருந்த மாதிரி அறிக்கையில் முதல் பத்தி முழுக்க முந்தைய ஆண்டின் கதை; அது மற்றொன்று விரித்தல். தயங்காமல் வெட்டலாம்.

இன்னொரு வழியும் உண்டு. விஷயம் தெரியாத ஒருவரிடம் அறிக்கையைப் படிக்கக் கொடுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் உங்கள் மெட்டு தாளுக்கு வராமல் நின்றிருக்கிறது.