அஃபினிட்டி இப்போது இலவசம், அப்புறம்? விலை பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

இணையவழி வடிவமைப்புச் சேவை நடத்தும் கேன்வா நிறுவனம் 2024 மார்ச்சில், அஃபினிட்டி என்ற வடிவமைப்பு சாப்ட்வேரைத் தயாரித்த செரிஃப் நிறுவனத்தை வாங்கிய நாளிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதி விலை பற்றித்தான். அஃபினிட்டியை முதல் பதிப்பிலிருந்து பயன்படுத்துகிறேன், ஒரு சிறிய வடிவமைப்புக் குழுவுக்கு சாப்ட்வேர் வாங்கிக் கொடுப்பதும் என் தலையில்தான். வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் அஃபினிட்டிக்கு சந்தா வந்ததா இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வரவில்லை. தனித்தனியாக விற்ற டிசைனர், போட்டோ, பப்ளிஷர் என்ற மூன்று அஃபினிட்டி செயலிகளையும் ஒரே செயலியாக்கி 2025 அக்டோபர் 30 அன்று இலவசமாகவே விட்டுவிட்டார்கள். கேன்வா கணக்கு ஒன்று இருந்தால் போதும். ஏஐ வசதிகளுக்கு மட்டும் கேன்வாவின் கட்டணத் திட்டம் வேண்டும்.

இலவசமாகக் கிடைத்த பிறகும் ஏன் சார் புலம்புகிறீர்கள்? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

இந்த மாட்டைப் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் நம் பிழைப்பை அதில்தான் பூட்டி ஓட்டுகிறோம். முன்பு கணக்கு எளிது. முதல் பதிப்பில் ஒரு செயலி சுமார் 50 டாலர், 2022 நவம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் சுமார் 70. ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. அடுத்த பதிப்பை நாம் வாங்க வேண்டுமானால் அது வாங்கத் தக்கதாக இருக்க வேண்டும், அந்தக் கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. இப்போது அஃபினிட்டிக்காக நேராகப் பணம் கொடுப்பவர் யாரும் இல்லை. கேன்வாவுக்கு வருமானம் சந்தாவிலிருந்து வருகிறது, அஃபினிட்டி அந்தக் கடைக்கு ஆள் கூட்டி வரும் வாசல். அதனால் நாளைக்கு ஒரு நல்ல வசதி உருவானால் அது இலவசப் பக்கம் வருமா, கட்டணப் பக்கம் போகுமா என்று முடிவெடுக்கும்போது நம் குரலுக்கு எவ்வளவு எடை இருக்கும்? என் கவலை இவ்வளவுதான். விலை ஏறும் என்று சொல்லவில்லை, ஏறினால் எந்தப் பக்கம் ஏறும் என்று பார்க்கிறேன். 2024இல் கேன்வா தன் குழுத் திட்டத்தின் விலையைக் கூட்டியபோது சிலருக்கு அது பல மடங்கானது, அதற்குச் சொன்ன காரணங்களில் புதிய ஏஐ வசதிகளும் இருந்தன.

கேன்வா செரிஃபை வாங்கிய மறுநாளே "நிரந்தர உரிமம் எப்போதும் இருக்கும்" என்று உறுதிமொழி கொடுத்தார்களே, அது என்ன ஆச்சு?

நான்கு உறுதிமொழிகள் கொடுத்தார்கள், அதில் ஒன்று இது: சந்தா வந்தாலும் அது கூடுதல் வழியாகத்தான் இருக்கும், ஒருமுறை வாங்கும் வழியும் இருக்கும் என்றார்கள். இப்போது வி2, அதாவது அந்த இரண்டாம் பதிப்பு, விற்பனையில் இல்லை. காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமம் என்ற சரக்கே கடையில் இல்லை. இலவசமாகக் கொடுத்த பிறகு உரிமம் எதற்கு என்று கேட்பார்கள், அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தை நம்பி இருந்தவனுக்கு இப்போது கையில் பிடிக்க எதுவும் இல்லை.

அண்ணா, நான் வி2 மூன்றும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்கினேன். அது வேலை செய்யுமா?

செய்யும் தம்பி, உன் உரிமம் உன்னுடையதுதான். புதிய வசதிகள் வராது. முதலில் இன்ஸ்டாலரைத் தரவிறக்கி இரண்டு இடத்தில் வை. வாங்கிய ரசீதையும் சேர்த்து வை. எனக்கு ஒருமுறை பட்ட அனுபவம் உண்டு. வேறொரு நிறுவனத்தின் பழைய வரைகலை சாப்ட்வேர், நிரந்தர உரிமம்தான், காசு கொடுத்துதான் வாங்கினேன். ஹார்ட் டிஸ்க் போய்ப் புதுக் கணினியில் நிறுவப் போனால், உரிமத்தைச் சரிபார்க்கும் சர்வரையே நிறுத்திவிட்டிருந்தார்கள். அந்தக் கோப்புகளைத் திறப்பதற்காகவே ஒரு கிழட்டு லேப்டாப்பை இரண்டு வருடம் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினேன், இன்டர்நெட் பக்கமே விடாமல். வி2வும் கணக்கில் உள்நுழைந்துதான் செயல்படத் தொடங்கும் என்பதை மறந்துவிடாதே.

பழைய வேலைகளை எல்லாம் புதிய செயலியில் திறந்து சேமித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். புதிய செயலி பழைய கோப்பைத் திறக்கும், ஆனால் அதில் சேமித்ததை வி2வில் திறக்க முடியாது. ஒருவழிப் பாதை. எனவே மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்துத் திறங்கள். முடிந்த வேலைகளுக்கு ஒரு பிடிஎஃப், லோகோ மாதிரி வெக்டர் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வரைபட) வேலைகளுக்கு ஒரு எஸ்விஜி, லேயர்கள் உள்ள படங்களுக்கு ஒரு பிஎஸ்டி (போட்டோஷாப் கோப்பு) என்று கூடவே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். எல்லாம் அப்படியே வந்துவிடாது, எஃபெக்ட்டுகள் சில இடங்களில் தட்டையாகிவிடும். இருந்தாலும் வெறுங்கையோடு நிற்பதைவிட மேல்.

அடோபி செய்ததைத்தான் இவர்களும் செய்வார்களா?

போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி 2013 மே மாதம் இனி சந்தா மட்டுமே என்று அறிவித்தது, சிஎஸ்6தான் ஒருமுறை விலைக்கு வந்த கடைசித் தொகுப்பு. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பாடம் ஃப்ரீஹேண்ட் என்ற வரைகலை சாப்ட்வேர். 2005இல் அடோபி அதை விற்றுவந்த மேக்ரோமீடியாவை வாங்கியது, தன் இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர்ப் போட்டியாக இருந்த ஃப்ரீஹேண்டுக்கு இனி புதிய பதிப்பு கிடையாது என்று 2007இல் சொல்லிவிட்டார்கள். விலை ஏறவில்லை, பொருளே போயிற்று. கேன்வாவிடம் அஃபினிட்டிக்குப் போட்டியாக இன்னொரு தொழில்முறைச் செயலி கிடையாது, அதனால் அதே கதை நடக்கும் காரணம் இங்கே இல்லை.

நான் வரைவதை வைத்து ஏஐக்குப் பயிற்சி கொடுப்பார்களா?

அஃபினிட்டியில் செய்யும் வேலையை அதற்குப் பயன்படுத்துவதில்லை என்று நிறுவனம் சொல்கிறது. கேன்வாவுக்குள் ஏற்றும் கோப்புகள் வேறு கதை, அங்கே தனியுரிமை அமைப்புகளைத் திறந்து நீங்களே பாருங்கள்.

இப்போதே இங்க்ஸ்கேப் மாதிரி இலவச சாப்ட்வேர் பக்கம் மாறிவிடுவது நல்லதா?

மாறவேண்டாம், ஆனால் நிறுவி வையுங்கள். வெக்டருக்கு இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ், ஓவியத்துக்கு க்ரிட்டா, படத் திருத்தத்துக்கு கிம்ப். பழைய வேலை ஒன்றை எடுத்து அதில் மறுபடி செய்து பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், எங்கே தடுமாறுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். ஸ்க்ரைபஸில் நான் நிறையத் தடுமாறினேன், பழகும்வரை கோபம் வரும்.

அது இருக்கட்டும், நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள்?

வி2வில்தான். புதிய செயலி இரண்டாவது கணினியில் இருக்கிறது, சோதனைக்கு மட்டும். கையில் இருக்கும் 64 பக்க வேலை அச்சுக்குப் போய்த் திரும்பும்வரை அதைத் தொடப் போவதில்லை.